பழைய கேஸ் சிலிண்டரை என்ன செய்வது? தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கேஸ் ஏஜென்சி கவுன்ட்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். புக்கிங், மானியம், டெலிவரி தாமதம் என்று வழக்கமாகக் கேட்பவர்களுக்கு நடுவே, எல்லோரும் போனபிறகு கிட்ட வந்து மெதுவாகக் கேட்பவர்களும் உண்டு: “வீட்டில் ஒரு பழைய சிலிண்டர் கிடக்குதுங்க, அதை என்ன பண்றது?” பரணில், மாட்டுக் கொட்டகையில், மாடிப்படிக்கு அடியில், மோட்டார் ரூமில் என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் அப்படிக் கிடக்கும் சிலிண்டர்கள் நிறைய. அவை பழைய இரும்புக் கடைக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிலிண்டர் துருப்பிடித்துவிட்டது, இனி உபயோகமில்லை. பழைய இரும்புக் கடையில் போட்டால் என்ன?

போடக்கூடாது. முதல் காரணம், அது உங்கள் பொருளே அல்ல. இண்டேன், பாரத், எச்.பி. எதுவாக இருந்தாலும் சிலிண்டரும் ரெகுலேட்டரும் கம்பெனியின் சொத்து. இணைப்பு வாங்கும்போது நீங்கள் கட்டியது விலை அல்ல, டெபாசிட். திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் உங்களுக்கு வரும். எடைக்குப் போட்டால் இரும்பின் காசு மட்டும்தான் கிடைக்கும். வாங்கிய கடைக்காரரும் நீங்களும் சட்டச் சிக்கலில் மாட்டவும் வாய்ப்புண்டு, ஏனென்றால் சமையல் எரிவாயு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகிறது.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது. அந்தக் கடையில் ஒரு தொழிலாளி கேஸ் கட்டிங் நெருப்பை வைத்து அந்தச் சிலிண்டரை வெட்டப் போகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

அடுப்பு எரியவே இல்லை. அப்படியென்றால் காலிதானே?

இல்லை. அடுப்பு எப்போது அணைகிறது? சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகக் குறைந்து, கேஸை வெளியே தள்ளப் பலமில்லாமல் போகும்போது. அதற்குப் பிறகும் உள்ளே கேஸ் இருக்கும். வீட்டுச் சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். தள்ளும் பலம் போன பின்பும் அந்த 33 லிட்டர் இடம் முழுக்க கேஸ்தான் நிற்கிறது.

சமையல் கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றில் சுமார் 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். உள்ளே முழுக்க கேஸாக இருக்கும்வரை காற்று இல்லாததால் வெடிக்காது. ஓட்டை போட்டவுடன், வால்வைக் கழற்றியவுடன், காற்று உள்ளே போய்க் கலக்கத் தொடங்குகிறது. மேலே கட்டிங் நெருப்பு, உள்ளே சரியான கலவை, சுற்றிலும் மூடிய இரும்பு. அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. சிலிண்டரின் அடியில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை போன்ற கனமான மிச்சம் தங்கும். சூடு பட்டால் அதிலிருந்தும் ஆவி கிளம்பும்.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, வருஷக்கணக்காக மோட்டார் ரூமில் கிடந்த சிலிண்டரைக் கொண்டுவந்தார். “சுத்தமா காலிங்க” என்றார். தராசில் வைத்தோம். சிலிண்டரின் மேல் பட்டையில் அடித்திருந்த வெறும் எடையைக் கழித்துப் பார்த்தால், இரண்டு கிலோவுக்கு மேல் கேஸ் உள்ளே இருந்தது. அடுப்பில் பர்னர் அடைத்துக்கொண்டதை அவர் கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். நீங்களும் இப்படிப் பார்க்கலாம். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் வெறும் எடை அடித்திருக்கும், பெரும்பாலும் 15, 16 கிலோவை ஒட்டி. அதைவிடக் கூடுதலாகத் தராசு காட்டினால் அவ்வளவும் கேஸ்.

வாசனையே வரவில்லையே?

கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்று மெர்காப்டான் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். உள்பக்கம் துருவேறிய பழைய சிலிண்டரில் அந்த நாற்றம் நாளாக ஆக மங்கிவிடும். அதனால் மூக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

வால்வை ஸ்குரூடிரைவரால் அழுத்தி, மிச்சத்தை வெளியே விட்டுவிட்டால் பிரச்சினை தீருமல்லவா?

இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள், இதில்தான் அதிகம் பயம் எனக்கு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீர் மாதிரிப் பள்ளம் பார்த்துத் தரையோடு போகும். சாக்கடை, சம்ப், தரைமட்டக் கிணறு, நாலு படி இறங்கிய அறை எதிலாவது போய்த் தேங்கும். பக்கத்து வீட்டில் விறகடுப்பு எரிந்தாலும், யாராவது மோட்டார் ஸ்விட்சைப் போட்டாலும் நெருப்பு அங்கிருந்து உங்களைத் தேடி வரும்.

அளவும் நாம் நினைப்பதைவிட அதிகம். திரவமாக இருக்கும் ஒரு லிட்டர், ஆவியானால் சுமார் 250 லிட்டராக விரியும். ஒன்றரைக் கிலோ கேஸ், பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றை முழுக்கத் தீப்பிடிக்கும் கலவையாக்கப் போதும். திரவமாகவே பீறிட்டால் கைத்தோல் பனிக்கட்டி பட்டதுபோல வெந்துபோகும். மிச்சத்தை எடுப்பது ஏஜென்சியின் வேலைகூட அல்ல, சிலிண்டரில் கேஸ் நிரப்பும் பாட்டிலிங் பிளான்ட்டின் வேலை. நீங்கள் தொடவேண்டாம்.

சரி, ஒப்படைக்க என்ன செய்யணும்?

உங்கள் ஏஜென்சிக்குப் போய் இணைப்பை ஒப்படைக்கிறேன் என்று சொல்லுங்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், கேஸ் புக், ஆதார், அப்புறம் இணைப்பு எடுத்தபோது கொடுத்த எஸ்.வி. என்ற வவுச்சர் இவ்வளவும் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் டி.வி. என்ற ஒப்படைப்பு வவுச்சர் போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தாளை பத்திரமாக வையுங்கள். வேறு ஊரில் புது இணைப்பு எடுக்கும்போது அதுதான் ஆதாரம்.

எஸ்.வி. தொலைந்துவிட்டதா? பலருக்கும் தொலைந்துதான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள். ஏஜென்சி கணக்கில் உங்கள் நுகர்வோர் எண் இருக்கும். தொலைந்ததற்கு ஓர் உறுதிமொழிக் கடிதம் எழுதித் தரச் சொல்வார்கள்.

இரண்டு சிலிண்டர் இணைப்பு வைத்திருப்பவர்கள் இரண்டையும் கொடுக்கவேண்டும் என்பதில்லை, ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: டெலிவரிக்கு வரும் தம்பியிடம் “இதையும் எடுத்துட்டுப் போப்பா” என்று கொடுத்து அனுப்பாதீர்கள். அஞ்செட்டி, பென்னாகரம் மலை ஊர்களில் வண்டி எப்போதாவதுதான் வரும், அலைச்சல் மிச்சம் என்று தோன்றும். ரசீது இல்லாமல் போன சிலிண்டர் உங்கள் கணக்கிலேயே நிற்கும். முன்கூட்டியே ஏஜென்சிக்குப் போன் செய்து, தாளோடு வரச் சொல்லிக் கேளுங்கள்.

டெபாசிட் எவ்வளவு திரும்ப வரும்?

நீங்கள் அன்றைக்குக் கட்டிய தொகை, அதாவது எஸ்.வி.யில் எழுதியிருப்பது. இன்றைய ரேட் அல்ல. 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டரின் டெபாசிட் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாகவும், ரெகுலேட்டர் 150-லிருந்து 250 ஆகவும் உயர்ந்தது. அதற்குமுன் எடுத்தவர்களுக்குப் பழைய கணக்குத்தான். உஜ்வாலா போன்ற அரசுத் திட்டத்தில் வாங்கிய இணைப்பு என்றால் டெபாசிட் உங்கள் கைப்பணம் அல்ல, அது திரும்ப வராது. ஆனாலும் சிலிண்டரை ஒப்படைத்தே ஆகவேண்டும்.

இணைப்பு தாத்தா பேரில். அவர் காலமாகிவிட்டார். யார் ஒப்படைப்பது?

வாரிசு ஒப்படைக்கலாம், அல்லது இணைப்பைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். இறப்புச் சான்று, வாரிசு என்பதற்கான ஆதாரம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். பெரியவர் போனபிறகு அவருடைய சிலிண்டரை யாரும் தொடாமல் பரணில் ஏற்றிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. பேர் மாற்றும்போதே பழைய சிலிண்டர் கணக்கையும் முடித்துவிடுங்கள்.

சிலிண்டரில் ‘பி-26’ என்று போட்டிருக்கிறது. காலாவதி தேதியா?

சோதனை தேதி. வருஷத்தை நாலு காலாண்டாகப் பிரித்து ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் வரை. பி-26 என்றால் 2026 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டர் அடுத்த சோதனைக்குப் போகவேண்டும். புதுச் சிலிண்டருக்கு முதல் சோதனை 10 வருஷத்தில், பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை. தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

வீட்டில் கிடக்கும் சிலிண்டரில் அந்தத் தேதி தாண்டியிருந்தால் அதில் அடுப்பை இணைக்காதீர்கள். டெலிவரியில் தேதி தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

டி.வி.எஸ். எக்செல்லில் கட்டி எடுத்துப் போகலாமா?

எல்லோரும் செய்கிறார்கள் என்பது தெரியும். கேஸ் சிலிண்டர் விதிகள் இருசக்கர வாகனத்தில் கொண்டுபோவதைத் தடை செய்கின்றன. பஸ்ஸும் ரயிலும் கூடவே கூடாது. சொந்தக் காரிலோ, லோடு ஆட்டோவிலோ, குட்டி யானையிலோ நிமிர்த்தி வைத்துக் கட்டி எடுத்துப் போங்கள். படுக்கப் போடாதீர்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, வெள்ளை மூடியைப் போட்டு அழுத்துங்கள். மூடி இல்லையென்றால் ஏஜென்சியில் ஒன்று கேட்டு வாங்கிய பிறகே கிளம்புங்கள். கார் ஜன்னல் திறந்திருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாமல் நேரே போய்ச் சேருங்கள்.

பெங்களூரில் எடுத்த இணைப்பு, இப்போது ஓசூரில் குடியிருக்கிறோம். எங்கே கொடுப்பது?

இணைப்பு கொடுத்த ஏஜென்சியில்தான் டி.வி. போட முடியும். அதனால் பெங்களூரு போய் ஒப்படைத்துவிட்டு, டி.வி. வாங்கிவந்து ஓசூரில் புதுசாக எடுங்கள். நாற்பது கிலோமீட்டர்தான். அலைச்சலுக்குச் சோம்பி அங்கே ஒரு கணக்கு, இங்கே ஒரு கணக்கு என்று வைத்திருக்காதீர்கள், ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்பு என்பதுதான் விதி.

ஓசூர், சூளகிரி பக்கம் வாடகை அறைகளில் இருக்கும் சின்னச் சிலிண்டர்கள்? மேலேயே அடுப்பு வைத்தது.

இதுதான் இருப்பதிலேயே சிக்கலான கேள்வி. சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, முகவரிச் சான்று இல்லாததால், இரண்டு மூன்று கிலோ பிடிக்கும் லோக்கல் சிலிண்டர்தான் கைக்கு எட்டுகிறது. பல சிலிண்டர்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரையே இருக்காது. வெறும் எடை, சோதனைத் தேதி எதுவும் அடித்திருக்காது. கடையின் பின்பக்கம் பெரிய சிலிண்டரிலிருந்து குழாய் போட்டு நிரப்புகிறார்கள். இது சட்டப்படி குற்றம், எவ்வளவு நிரப்பினோம் என்ற அளவும் கிடையாது. சிலிண்டருக்குள் திரவம் விரியக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிரப்பவேண்டும். கழுத்துவரை நிரப்பியதை வெயிலில் வைத்தால் விரிய இடமில்லாமல் இரும்பு பிளக்கும்.

அப்படி ஒன்று உங்களிடம் இருந்து, வால்வு நன்றாக இருந்தால், மறுபடி நிரப்பாதீர்கள். இருக்கிற கேஸை அதன் அடுப்பிலேயே, திறந்த இடத்தில், எரித்துத் தீர்த்துவிடுங்கள். வால்வை மூடிவிட்டு வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வெளியே வைத்துவிட்டு, விற்ற கடையில் திருப்பிக் கேளுங்கள். அவர் வாங்க மறுத்தால் வட்ட வழங்கல் அலுவலரிடமோ, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்திலோ நேரில் போய்ச் சொல்லி வழி கேளுங்கள். வால்வு கசிந்தாலோ, அடிப்பாகம் அரித்திருந்தாலோ பற்றவைக்கவே வேண்டாம், தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

இதற்குப் பதிலாக, முகவரிச் சான்று கேட்காமல் ஓர் அடையாள அட்டையை மட்டும் பார்த்து 5 கிலோ சிலிண்டரை எண்ணெய்க் கம்பெனிகளே ஏஜென்சிகளில் விற்கின்றன. அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது, ஏஜென்சி எங்கே என்றும் தெரியாது. கூட ஒருமுறை போய் வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

தண்ணீர் நிரப்பிவிட்டு வெட்டினால் ஆபத்தில்லை என்கிறார்களே? அப்படி வெட்டி அடுப்பு செய்து விற்கிறார்களே?

தண்ணீர் நிரப்ப வால்வைக் கழற்றவேண்டும். கழற்றும் அந்த நேரமே ஆபத்து. பாதி நிரம்பினாலும் மேலே தேங்கிய கேஸ் போதும். கம்பெனிச் சிலிண்டரை நீங்கள் வெட்டுவதே தவறு என்பது தனிக்கதை.

கம்பெனி என்ன செய்கிறது தெரியுமா? சோதனையில் தேறாத சிலிண்டரும், துருவில் கரைந்து வெறும் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்த சிலிண்டரும் மறுபடி நிரப்பப்படக் கூடாது. கேஸை முழுக்க எடுத்தபின், அதை நசுக்கித் தட்டையாக்கவேண்டும், அல்லது திரும்ப ஒட்டிச் சிலிண்டராக்க முடியாதபடி துண்டு துண்டாக வெட்டவேண்டும் என்று விதி சொல்கிறது. இதைச் செய்யக் கருவியும் பயிற்சியும் உள்ள ஆட்கள் இருக்கிறார்கள்.

பட்டறையில் ஆக்சிஜன், டி.ஏ. சிலிண்டர் பழசாகக் கிடக்கிறது.

கொடுத்த கேஸ் கம்பெனிக்கே திருப்பி அனுப்புங்கள். டி.ஏ. என்ற அசிட்டிலீன் சிலிண்டர் உள்ளே வெற்றிடம் கிடையாது. நுண்துளைப் பொருள் அடைத்து, அதில் அசிட்டோன் ஊறியிருக்கும். கேஸ் தீர்ந்தாலும் அது தீராது. அதை வெட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் வாங்கிய ஆக்சிஜன் சிலிண்டர் இன்னும் சில வீடுகளில் மூலையில் நிற்கிறது. கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். அதன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. விற்றவரிடம் கொடுங்கள், அல்லது பக்கத்தில் மருத்துவ ஆக்சிஜன் நிரப்பும் ஏஜென்சியில் கேளுங்கள்.

ஒகேனக்கல்லுக்குச் சமைக்க எடுத்துப்போன சின்ன பியூட்டேன் கேன்?

அடுப்பிலேயே கடைசிவரை எரித்துவிடுங்கள். குத்தி ஓட்டை போடாதீர்கள், குப்பையோடு கொளுத்தாதீர்கள், ஆற்றங்கரையில் விட்டு வராதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, தனியாகத் தூய்மைப் பணியாளர் கையில் கொடுத்து இது கேஸ் கேன் என்று வாயால் சொல்லுங்கள். குப்பை வண்டியில் நசுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் அவர்தான்.

வாடகைக்கு இருந்தவர்கள் ஒரு சிலிண்டரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

சிலிண்டர் மேல் எந்தக் கம்பெனி என்று எழுதியிருக்கும். பட்டையில் வரிசை எண்ணும் இருக்கும். அந்தக் கம்பெனியின் பக்கத்து ஏஜென்சியில் தகவல் சொல்லுங்கள். யாருடையது என்றே தெரியாமல், தோட்டத்திலோ ஏரிக்கரையிலோ கிடந்தால் போலீசுக்கும் ஒரு வார்த்தை சொல்வது நல்லது, திருட்டுச் சிலிண்டராக இருக்கலாம்.

பழைய டியூப், அடுப்பு?

அடுப்பு உங்களுடையது, இரும்புக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். டியூப்பை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பழையதைத் துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். ரெகுலேட்டர் கம்பெனியுடையது, சிலிண்டரோடு திருப்பிக் கொடுங்கள்.

பரணிலிருந்து இறக்கும்போதே கேஸ் நாற்றம் வந்தால்?

ஸ்விட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எல்லாவற்றையும் அணையுங்கள். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். முடியுமானால் மூடியைப் போட்டு, சிலிண்டரைத் திறந்தவெளிக்கு, சாக்கடையும் கிணறும் இல்லாத பக்கம் நிமிர்த்திக் கொண்டுபோய் வையுங்கள். வெளியே தள்ளி நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள். அது எண்ணெய்க் கம்பெனிகளின் கசிவுப் புகார் எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். தீப்பிடித்திருந்தால் 101 அல்லது 112.

ஏஜென்சியில் வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினால்?

காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். மாறவில்லை என்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் பதியுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டம் நடக்கும்போது மனுவோடு போகலாம், ஏஜென்சிக்காரர்களும் கம்பெனி அதிகாரிகளும் அங்கே வந்திருப்பார்கள். ஏஜென்சியே மூடப்பட்டிருந்தால், அதன் வாடிக்கையாளர்களை எந்த ஏஜென்சிக்கு மாற்றினார்கள் என்று அதே எண்ணில் சொல்வார்கள்.

நான் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். வாங்கிய மூட்டைக்குள் சிலிண்டர் வந்துவிட்டது.

போச்சம்பள்ளி சந்தைப் பக்கமோ, தருமபுரி டவுனிலோ, எங்கே கடை இருந்தாலும் இது நடக்கும். கட்டிங் செய்யும் இடத்திலிருந்து முதலில் அதைத் தள்ளி, நிழலில், நிமிர்த்தி வையுங்கள். மூடியோ வால்வோ கழற்ற விடாதீர்கள். கம்பெனிச் சிலிண்டர் என்றால் ஏஜென்சிக்கும் போலீசுக்கும் அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். நீங்களாகச் சொன்னால் விசாரணை உங்கள் பக்கம் திரும்பும் வாய்ப்பு குறைவு. உங்கள் கடையில் வெட்டும் ஆட்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: மூடிய உருளை எதுவாக இருந்தாலும், அது ஃபிரிட்ஜ் கம்ப்ரசராக இருந்தாலும், ஏ.சி. கேஸ் டப்பாவாக இருந்தாலும், முதலாளியைக் கேட்காமல் நெருப்பு வைக்கக்கூடாது. வாங்கும்போதே எடைபோடும் பையனுக்கும் அதைச் சொல்லுங்கள். தெருத்தெருவாகப் போய்ப் பழைய சாமான் எடுத்துவருபவர்களிடமும் சிலிண்டருக்குக் காசு கிடையாது என்று சொல்லிவிட்டால் அவர்கள் வாங்கிவர மாட்டார்கள்.